உடலுக்கும் நீதி உண்டு

கி.பி. 177-இல், இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் பலர் சித்திரவதை செய்து கொல்லப்பட்டனர். பிளாண்டினா என்ற அடிமைப் பெண்ணும் அவர்களில் ஒருவர். ரோமானிய அதிகாரிகள் கொன்றதோடு நிற்கவில்லை. சடலங்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். செத்தவர்கள் எழுந்து வருவார்கள் என்ற நம்பிக்கையையே அழிப்பதுதான் நோக்கம் என்கிறது, தப்பிப் பிழைத்தவர்கள் எழுதிய கடிதம். திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் அதைத் தம் நூலில் சேர்த்து வைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தக் கொடியவர்களுக்கு ஒன்று புரிந்திருந்தது. கிறிஸ்தவர்களின் நம்பிக்கை ஆன்மாவோடு முடிந்துவிடவில்லை. அது உடலைப் பற்றியது.

இன்று இது கிறிஸ்தவர்கள் பலருக்கே மங்கிப்போயிருக்கிறது. உயிர்த்தெழுதல் என்றால் ஆன்மா அழியாமல் மோட்சம் சேர்வது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆன்மா அழியாது என்பதைக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எப்போதோ சொல்லிவிட்டார். திருத்தூதர் பவுல் ஏதென்ஸில் போய் அதை மட்டும் சொல்லியிருந்தால் அங்கே யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இறந்தவர் எழுந்தார் என்று சொன்னதும் சிலர் கேலி செய்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் பதிவு செய்கிறது. மறுபக்கம், செத்த மனிதர் பழைய வாழ்க்கைக்குத் திரும்புவதும் உயிர்த்தெழுதல் அல்ல. இயேசு எழுப்பிய லாசர் மறுபடியும் சாக வேண்டியவர்தான். உயிர்த்த இயேசுவோ இனி சாவே இல்லாத வாழ்வுக்குள் நுழைந்தார் என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை. புதைத்த விதையும் முளைத்த பயிரும் போல என்று பவுல் கொரிந்தியருக்கு விளக்கினார். அந்தக் கடிதம் எழுதப்பட்டது கி.பி. 55-ஐ ஒட்டி. சிலுவைச் சாவு நடந்து சுமார் கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது.

இந்த நம்பிக்கையின் வேர் யூதர்களிடம் இருக்கிறது. கி.மு. 167 வாக்கில் அந்தியோக்கு எப்பிபான் என்ற கிரேக்க மன்னன் யூதச் சமயத்தைத் தடை செய்தான். பன்றி இறைச்சி உண்ண மறுத்த ஏழு சகோதரர்களைத் தாயின் கண்ணெதிரே ஒவ்வொருவராகக் கொன்ற கதை மக்கபேயர் இரண்டாம் நூலில் வருகிறது. அவர்களில் ஒருவன் கைகளை நீட்டி, இவற்றைத் தந்த கடவுளிடமே திரும்பப் பெறுவேன் என்கிறான். இறந்தவர்கள் விழித்தெழுவார்கள் என்று சொல்லும் தானியேல் நூலின் 12-ஆம் அதிகாரமும் அதே துன்பக் காலத்தில் உருவானது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கடவுளுக்கு உண்மையாக இருந்ததற்காகவே கொல்லப்பட்டவனுக்கு நீதி எங்கே? கொலைகாரன் சொன்னதுதான் கடைசி வார்த்தையா? சித்திரவதைப்பட்டது உடல் என்றால், நீதியும் அந்த உடலுக்குக் கிடைத்தாக வேண்டும். எருசலேம் ஆலயத்தின் அதிகாரத்தோடு நெருங்கியிருந்த சதுசேயர் என்ற யூதப் பிரிவினர் இதை மறுத்தார்கள்; மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த பரிசேயர் ஏற்றார்கள்.

இயேசுவின் உடலும் அப்படிச் சித்திரவதைப்பட்டதுதான். 1968-இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறையில் கிடைத்த எலும்புகளில், ஓர் இளைஞனின் குதிகால் எலும்பில் நீண்ட ஆணி அப்படியே இறங்கியிருந்தது. முதல் நூற்றாண்டில் சிலுவையில் அறையப்பட்டவன் அவன். அடிமைகளையும் கலகக்காரர்களையும் அவமானப்படுத்திக் கொல்ல ரோம் வைத்திருந்த முறை அது. அப்படிக் கொல்லப்பட்ட இயேசுவைக் கடவுள் எழுப்பினார் என்று சொல்வது, ரோம் தந்த தீர்ப்பு செல்லாது என்று சொல்வதுதான். எழுந்தவரின் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன என்று யோவான் நற்செய்தி எழுதுவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. வெற்றுக் கல்லறையை முதலில் கண்டவர்களில் மகதலா மரியா இருந்தார் என்று நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன; மூன்றில் அவரோடு வேறு பெண்களும் இருக்கிறார்கள். பெண்களின் சாட்சிக்கு அதிக மதிப்பில்லாத காலத்தில் முதல் சாட்சிகள் அவர்களே.

இயேசு உண்மையிலேயே எழுந்தாரா என்பதை எந்த ஆய்வும் நிறுவிக் காட்டாது. எழுந்தார் என்று சீடர்கள் மிக விரைவிலேயே அறிவித்தார்கள் என்பதுவரைதான் வரலாறு பேசும், அதற்கப்பால் நம்பிக்கை. எலும்பைக் காத்து வைத்தால்தான் கடவுளால் எழுப்ப முடியும் என்றும் திருச்சபை சொல்லவில்லை. 1963-இல் உடலை எரிப்பதற்கே கத்தோலிக்கத் திருச்சபை அனுமதி தந்துவிட்டது.

ஆனால் உடலுக்கு இத்தனை மதிப்புத் தரும் ஒரு நம்பிக்கை, உடல்களுக்கிடையே சாதி பார்க்க எப்படி இடம் கொடுக்கிறது? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரித்து நின்ற சுவர் செய்தியானது, போராட்டத்துக்கும் காரணமானது. தமிழகத்தில் வேறு ஊர்களிலும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உயிர்த்த ஞாயிறு நள்ளிரவில் மெழுகுவர்த்தி ஏந்தி அல்லேலூயா பாடும் பங்கு மக்களும், பலிபீடத்தில் நிற்கும் குருக்களும், ஆயர்களும் அந்தச் சுவர்களை இடிக்க வேண்டும். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன்பே இடிக்க வேண்டும்.