அடங்காதவருக்கு இடமில்லையா?

எமது திருச்சபைகளின் வாலிபர் ஐக்கியங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்போர் ஓர் ஒற்றுமையைக் காண்பர். பாடற் போட்டியில் வென்றோர், வேதாகம வினாவிடையில் முதலிடம் பெற்றோர், ஒளிவிழா நாடகத்தில் நடித்தோர் ஆகியோரின் பெயர்கள் யாவும் அங்கே உண்டு. இடையில் நின்றவர் எவர், ஏன் நின்றார் என்பது மாத்திரம் இல்லை. அவர் தாமாகவே நின்றார் என்று கொள்வது நிருவாகிகளுக்கு வசதியானது. ஆனால், அவருட் பலர் நிறுத்தப்பட்டவர்: போதகர் உரையின் நடுவே கேள்வி எழுப்பியவன், பின்வாங்கிலிருந்து சிரித்தவள், சாராய வாடையோடு வந்தவன், மூப்பரின் மகனோடு கைகலந்தவன். 'வராதே' என எவரும் வாய்திறந்து கூறுவதில்லை. கூறாமலே உணர்த்தும் கலை எமக்கு நன்கு கைவந்தது.

ஒரு பழம் அழுகினாற் கூடை முழுவதும் அழுகும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். பிள்ளைகள் பழங்களல்லர் என்பது ஒருபுறமிருக்க, இந்நியாயத்தை ஏற்பின், 99 ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனின் செயல் பெரும் நிருவாகத் தவறாகிவிடும். உவமையைப் பிரசங்கபீடத்தில் ஏற்றுச் செயற்குழுவில் நிராகரிப்போர் இவ்விரண்டில் ஒன்றையேனும் கைவிடுதல் வேண்டும்.

1857 ஆம் ஆண்டு வட இத்தாலியின் கார்மஞ்ஞோலா ஊர்ப் புகையிரத நிலையத்தில் தூரின் நகருக்கான வண்டியை எதிர்நோக்கி நின்ற தொன் பொஸ்கோ என்னும் குரு, சிறுவர் கூட்டமொன்றின் கூச்சலைச் செவிமடுத்தார். அவற்றிடையே ஒரு குரல் மட்டும் ஏனையவற்றுக்குக் கட்டளையிட்டது. அவர் அருகிற் சென்றதும் மற்றவர் ஓட, அக்குரலுக்குரியவன் இடுப்பிற் கையூன்றி நின்று, நீர் யார் என வினவினான். அவனே மிக்கேல் மகோனே. தந்தையை இழந்தவன், பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவன். அவனைப் பற்றி அவ்வூர் உதவிக் குருவிடம் விசாரித்தபோது, பள்ளியையும் மறைக்கல்வி வகுப்பையும் குழப்புபவன் அவன், அவன் வராத நாளில் யாவரும் நிம்மதியாயிருப்பர் என்ற கருத்துப்படப் பதில் வந்தது. இதே வாக்கியத்தை எமது செயற்குழுக்களிற் கேளாதார் யாவர்? எனினும், அவன் வறுமையும் திறமையும் கவனத்துக்குரியன என்று எழுதும் நேர்மை அவ்வுதவிக் குருவிடம் இருந்தது. எம்மவரிடம் அத்துணையும் இல்லை.

தொன் பொஸ்கோ அவனைத் தூரினில் தமது இல்லத்திற் சேர்த்தார். ஈண்டு நோக்கத்தக்கது, அவன் அடங்கிப்போனான் என்பதன்று. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதே துடிப்பே, புதிதாய் வந்து வீட்டை நினைந்து வாடிய சிறுவரைத் தேற்றவும் நோயுற்றோரைப் பேணவும் பயன்பட்டது. 1859 ஜனவரியில் அவன் இறந்தான், வயது 13. 1861 இல் தொன் பொஸ்கோ அவன் வரலாற்றை நூலாக எழுதினார், முற்குறும்புகளை மறைத்தாரல்லர்.

ஏனைய பிள்ளைகளின் பாதுகாப்பு யாது என வினவுவோருளர். வினா நேர்மையானது. பிறரைத் துன்புறுத்துவோனைத் தடுத்தே ஆகவேண்டும். ஆனால், எவ்வாறு தடுப்பது? 1877 இல் தாம் எழுதிய கல்வி முறையில் தொன் பொஸ்கோ தண்டனையை அன்று, பெரியோர் இளைஞரிடையே இடைவிடாது உடனிருப்பதையே முதன்மைப்படுத்தினார். எம்மிடமோ ஒழுங்குவிதிகள் உண்டு. சனிக்கிழமை மாலையில் விளையாட்டிடத்தில் அவர்களோடு நிற்க ஒருவரில்லை. உடனிருக்க மனமில்லாதாரே விதியை நீட்டுகின்றனர்.

மற்றொரு சாராரும் உளர். இவர்களை அன்புடையோர் என உலகம் மயங்கும். முரடனை வரவேற்பர், ஆறு மாதத்திற்குள் அவனை மேடையேற்றிச் சாட்சி கூறச் செய்வர். அவன் மீண்டும் ஒருமுறை தவறினால், தம்மை ஏமாற்றிவிட்டான் எனக் குமுறுவர். அவன் மதிக்கப்பட்டது அவனுக்காகவன்று, கண்காட்சிப் பொருளாகவே. பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுத் திரும்பிய மாற்கு என்னும் இளைஞனைப் பவுல் மீண்டும் சேர்க்க மறுத்தபோது, பர்னபா அவனை மேடையேற்றவில்லை. தன்னோடு சைப்பிரசுக்கு அழைத்துச் சென்றான். பின்னாளிற் பவுலே அவனைத் தமக்குப் பயன்படுபவனெனக் கேட்டழைக்க நேர்ந்தது.

கேள்வி கேட்பவனின் நிலை வேறு. அவன் குழப்பக்காரனல்லன், குழப்பக்காரனெனப் பட்டஞ் சூட்டப்பட்டவன். 1924 இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம், மிஷன் கல்லூரியொன்றிற் கற்றவர். பின் அங்கேயே கற்பித்தவர். சாதி வேற்றுமையையும் ஏகாதிபத்தியத்தையும் எதிர்த்த அவ்வியக்கம் 1927 இற் காந்தியை அழைத்தது. 1931 இற் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அறைகூவியது. பகிஷ்கரிப்பின் நன்மை தீமை வேறு விவாதம். இன்றைய வாலிபர் ஐக்கியமொன்றில், ஆலயத்தினுட் சாதி பார்க்கப்படுவது ஏன் என ஓர் இளைஞன் எழுந்து கேட்பானாயின், அடுத்த வாரம் அவனுக்கு அழைப்பு வருமா?

ஆகவே, ஆண்டறிக்கைகளில் இரு விபரங்கள் சேர்க்கப்படுதல் வேண்டும்: இவ்வாண்டு வராதுவிட்டோர் எத்தனை பேர், அவர்களின் வீட்டுக்குச் சென்றவர் யார். ஒளிவிழாச் செலவுக் கணக்கிற்கு முன்னதாக அவை வாசிக்கப்படட்டும்.