பந்தயக் காரும் உப்பிய பேட்டரியும்

போன வாரம் சிகாமட்டில் ஒரு தகப்பனார் என்னிடம் பேட்டரி ஒன்றைக் காட்டினார். "பையனோட ரிமோட் காருக்கு வாங்கினது, சார்" என்றார். தலையணைபோல் உப்பியிருந்தது. அண்ணனின் பழைய சார்ஜரில் இரவெல்லாம் போட்டுவிட்டுப் பையன் தூங்கியிருக்கிறான்!

வாசகர்களே, 1984இல் ஜப்பானின் தமியா நிறுவனம் 'ஹார்னெட்' காரை வெளியிட்ட காலத்தில் ஆறு நிக்கல் காட்மியம் செல்கள் சேர்ந்து 7.2 வோல்ட். அதை நன்றாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் செய்வார்கள். அந்தப் பழக்கத்தை லித்தியம் பாலிமரிடம் காட்டினால் வந்தது வினை. இதில் ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. லித்தியத்துக்கென்றே உள்ள பேலன்ஸ் சார்ஜர் வேண்டும். ஓடி முடித்த சூடு ஆறியபிறகே சார்ஜ் செய்யுங்கள். ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். 5000 மில்லியாம்பியர் மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். சில வாரம் ஓட்டப்போவதில்லையா? செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள்.

உப்பியதைக் குத்திப் பார்க்காதீர்கள். மணல் வாளியில் போட்டு வெளியே வைக்கச் சொன்னேன். "இன்னும் ஓடுதே சார்" என்று இழுத்தார். புதிது வாங்கும் செலவு அவர் கவலை, நியாயந்தான். ஆனால் அந்தச் சார்ஜர் இருந்தது, பிள்ளைகள் படுக்கும் பாய்க்குப் பக்கத்தில்.