ஐந்தாவது வௌவால்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் போன மாதம் மதுராந்தகம் வந்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைக் கல்லைக் கொடுத்தார். சீனத்து ஜேட் கல். வட்டமாக ஐந்து உருவங்கள் செதுக்கியிருந்தது. பட்டாம்பூச்சி என்று நினைத்து அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவ்வளவுதான்!

''ஐயோ, வௌவால்டா! விளக்கு வைக்கிற நேரத்துல இதையா வீட்டுக்குள்ள கொண்டாருவாங்க? ஏரியில போட்டுட்டு வா!''

மதுராந்தகம் ஏரி பெரிசு, தாங்கும். ஆனால் மைத்துனர் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். சமையலறையில் பாத்திரம் வேறு டணார் என்றது. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மைத்துனர் அசரவில்லை. சீன மொழியில் வௌவாலுக்கும் 'ஃபூ'வாம், பாக்கியத்துக்கும் 'ஃபூ'வாம். எழுத்து வேறு, சத்தம் ஒன்று. தலைகீழாகச் செதுக்கினால் இன்னும் விசேஷம். 'தலைகீழ்', 'வந்தாச்சு' இரண்டுக்கும் அங்கே ஒரே உச்சரிப்பு! வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் தலைகீழாகத் தொங்கணும் என்பது நம் ஊர்ப் பேச்சு. அவர்களோ வௌவாலையே விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மீன் என்றால் மிச்சம், மான் என்றால் உத்தியோகச் சம்பளம். பி.காம். படித்த எனக்கு வரவு செலவுக் கணக்கையே கல்லில் பார்த்தாற்போல இருந்தது.

நம்ம மாமல்லபுரத்துச் சிற்பி வேறு ரகம். 1300 வருஷத்துக்கு முன்னால், அர்ஜுனன் தபசுப் பாறையில் ஒரு பூனையைப் பின்னங்காலில் நிறுத்தி, கையைத் தூக்கித் தவம் செய்யவிட்டான். பக்கத்தில் எலிகள். பார்த்தாலே சிரிப்பு வரும். 2019 அக்டோபரில் அந்தப் பாறை முன் நின்ற சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கும் பூனைக்காக மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது. வௌவாலுக்குத்தான் நமக்கு ஒரு மைத்துனர் வேண்டியிருக்கிறது.

அம்மா மசியவில்லை. ''அதென்ன அஞ்சு?''

''அஞ்சு பாக்கியம் அத்தை. நீண்ட ஆயுசு, செல்வம், ஆரோக்கியம், நல்ல குணம்...''

''நாலுதான் ஆச்சு.''

மைத்துனர் கொஞ்சம் தயங்கினார். ''காலம் முடிஞ்சு, நிம்மதியா போய்ச் சேர்றது.''

அப்பா ஏழு மாதம் படுக்கையில் கிடந்து போனவர்.

அம்மா கல்லை வாங்கி முந்தானையால் துடைத்தாள். ''சாமி ரூம்ல வேணாம். டி.வி. பக்கத்துல வை'' என்றாள். அப்புறம் மெதுவாக, ''நேரா வைக்கணுமா, தலைகீழாவா? சரியா கேட்டுச் சொல்லு!''