சுயிகா அட்டையும் சுருக்குப்பையும்

டோக்கியோ ரயில் நிலையத்தில் தொங்கும் கட்டண வரைபடத்தை அண்ணாந்து பார்த்து, எந்த ஊருக்கு எத்தனை யென் என்று கணக்கிட்டே கழுத்து வலித்துப்போன பிரயாணிகளுக்கு, 2001 நவம்பரில் அறிமுகமான ‘சுயிகா’ அட்டை ஒரு மகத்தான அனுக்கிரகம் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் கிடையாது. பென்குவின் படம் பொறித்த அந்தப் பச்சை அட்டையை வாயிற்பொறியின்மீது வைத்த மாத்திரத்தில், கண் இமைப்பதற்குள் கணக்கு முடிந்து வழி கிடைத்துவிடுகிறது. அதைக் கொண்டே கடையில் சோற்று உருண்டையும், தெருவோர இயந்திரத்தில் தேநீரும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆயினும், இந்த மின்னணு விந்தைக்குத் தீனியாகப் பணம் நிரப்ப, நிலையத்து இயந்திரத்தில் பெரும்பாலும் காகித நோட்டையே நுழைக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். அந்நியருக்கென்றே விற்கப்படும் ‘வெல்கம் சுயிகா’வுக்கு வழக்கமான 500 யென் முன்பணம் இல்லை, ஆனால் அதன் ஆயுள் 28 நாள், மீதித் தொகையும் திரும்பி வராது. வாங்கும் பணத்தைக்கூடச் சிறு தட்டில் வைக்கச்சொல்லி, மிச்சத்தை மரியாதையோடு எண்ணித் தரும் ஒரு தேசம், விருந்தினரின் சில்லறையை இவ்வாறு வைத்துக்கொள்வது அதற்கு அழகன்று என்றே கருதுகிறேன்.

ஜப்பானின் குமாமோட்டோ நகரிலோ, அட்டையைப் படிக்கும் கருவிகளைப் புதுப்பிக்கும் செலவு கட்டுப்படியாகாமல், உள்ளூர்ப் பேருந்து நிறுவனங்கள் 2024 நவம்பரில் இத்தகைய அட்டைகளை ஏற்பதையே நிறுத்திவிட்டன. ஆகையால் ஜப்பானுக்குச் செல்பவர், ஆயிரம் யென் நோட்டுகள் சிலவற்றைச் சுருக்குப்பையில் முடிந்துகொள்வது உசிதம். பேருந்தில் ஓட்டுநரின் பக்கத்திலுள்ள பெட்டியே அவற்றைச் சில்லறையாக மாற்றித் தருவதுண்டு.