மிதிக்கிற பெண்ணுக்குச் சாலை எங்கே?

சைக்கிளைப் பற்றி நம் மத்தியதர வர்க்கத்திடம் இரண்டே கருத்துகள்தான் இருக்கின்றன. ஒன்று, அது இல்லாதவர்களின் வண்டி, நாலு காசு வந்ததும் விட்டுவிட வேண்டியது. இன்னொன்று, அது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிற ஐம்பதாயிரம் ரூபாய் கியர் வண்டி, தொப்பையைக் குறைப்பதற்கானது. முதல் கருத்து சைக்கிளை ஏழ்மையாகப் பார்க்கிறது. இரண்டாவது அதைப் பொழுதுபோக்காகப் பார்க்கிறது. வயலுக்கும் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் சைக்கிளில் போகக்கூடிய ஒரு பெண் இருக்கிறாள் என்பது இரண்டு பேர் கண்ணிலும் படுவதில்லை. என் சண்டை இரண்டு தரப்போடும்தான்.

மதுரைக்குக் கிழக்கே இருக்கும் சமவெளி, சைக்கிளுக்கென்றே யாரோ இழைத்து வைத்த மாதிரி இருக்கும். சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று கடலை நோக்கி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிற நிலம். மலை கிடையாது. கண்மாய்க்கரைகளைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கும் ஊருக்கும் இடையில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். நடந்தால் தூரம், மிதித்தால் அரை மணி நேரம். இப்படிப்பட்ட நிலத்தில் சைக்கிள் என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டாம், பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையைப் பார்த்தால் போதும்.

1990-களின் தொடக்கத்தில் அங்கே நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களின் நடமாட்டத்தை எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே பார்த்தார். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பெண்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள் என்பதும் அதில் இருக்கிறது. கேலியும் வசையும் வராமல் இல்லை. அதையும் தாண்டித்தான் ஓட்டினார்கள்.

பிறகு அரசாங்கமும் சைக்கிள் கொடுத்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவசத் திட்டம் விரிவடைந்து, இன்று அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ப்ளஸ் ஒன் படிக்கிற பையன்கள் பெண்கள் எல்லோருக்கும் கிடைக்கிறது. 2006-இல் பீகாரும் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். ஆக, சைக்கிள் கொடுத்தால் பெண் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்பதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் அந்தச் சைக்கிள் எங்கே போகிறது?

போன தை மாதம் நானும் மனைவியும் மதுரையிலிருந்து தொண்டிக்குச் சைக்கிளில் போனோம். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பாதி வழி எதிர்காற்று. டீக்கடையில் நின்றால் கேள்வியெல்லாம் என்னைப் பார்த்துத்தான் வரும். "ஏந்தம்பி, பொம்பளப் புள்ளையப் போயி இம்புட்டுத் தூரம் மிதிக்க விட்டீகளே?" அவள்தான் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள் என்பது யாருக்கும் பொருட்டில்லை. திருவாடானைப் பக்கம் நெல் அறுப்பு முடிந்து ரோட்டோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மட்டும் அவளிடமே கேட்டார். "சீட்டு வலிக்கலையா?" அப்புறம் அவராகவே சொன்னார்: "நானும் பள்ளிக்கூடத்துல ஓட்டுனவதான். கலியாணம் ஆகவும் வண்டியத் தம்பி எடுத்துக்கிட்டான். இப்ப இந்த ரோட்டுல யாரு ஓட்டுறது, லாரிக்காரன் தூக்கிருவான்."

அந்த அக்கா சொன்ன இரண்டு காரணங்கள் போதும். முதலில் கல்யாணம் அவளிடமிருந்து வண்டியை வாங்கிக்கொள்கிறது. தப்பித்தவறி வண்டி மிஞ்சினால் சாலை வாங்கிக்கொள்கிறது. 1780-இல் படையோடு வந்து சிவகங்கையை மீட்ட வேலுநாச்சியாரை மேடைக்கு மேடை கொண்டாடுகிற சீமை இது. ஆனால் கல்யாணமான பெண் சைக்கிளில் ஏறினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

சாலையை அகலப்படுத்துவதுதான் முன்னேற்றம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ராமேஸ்வரம் சாலை பரமக்குடி வரை நான்கு வழியாகிவிட்டது. மதுரைக்காரர் சீக்கிரம் போய்விடலாம், சரி. சாலைக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பவர் மட்டும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார்களுக்கு நடுவே கடக்க வேண்டும், அல்லது திரும்புமிடம் தேடிச் சுற்ற வேண்டும். இருவழிச் சாலைகளில் ஓரத்து மண் பள்ளமாகக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் அந்த ஓரமும் களமாகி நெல்லும் மிளகாயும் காயும். மிச்சமிருக்கும் தாரில் லாரியும் பஸ்ஸும் போக, சைக்கிளுக்கு என்ன இருக்கிறது?

"இப்ப யாருங்க சைக்கிள் ஓட்டுறாங்க?" என்பார்கள். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே தெரியும். ஒரு பட்டனை மூன்று மெனுவுக்கு அடியில் புதைத்துவிட்டு, யாரும் அமுக்கவில்லை என்று டேட்டா காட்டி நீக்கிவிடுவது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. இல்லாத கூட்டத்துக்காக நான் பேசவில்லை.

"ஸ்கூட்டி இருக்கே, இலவச பஸ் இருக்கே" என்று அடுத்த கேள்வி வரும். இரண்டும் நல்ல விஷயம்தான், யாரும் குறைக்க வேண்டாம். 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது பெரிய மாற்றம். ஆனால் பஸ் கண்மாய்க்கரை வழியாக வயலுக்கு வராது, அதன் நேரத்துக்குத்தான் வரும். ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போடக் காசு வேண்டும். பல வீடுகளில் அந்தக் காசை யாரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். யாரிடமும் கேட்காமல் கிளம்ப முடிகிற ஒரே வண்டி சைக்கிள்தான்.

நெதர்லாந்தைக் காட்டினால் "அது அவங்க கல்ச்சர்" என்று முடித்துவிடுகிறோம். அங்கேயும் கார்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,300 பேர் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள், சாலையை மறித்தார்கள். சைக்கிள் பாதை அவர்களுக்குப் போராடித்தான் கிடைத்தது.

எங்களைப் போல வருஷத்துக்கு ஒரு நாள் மிதித்துக் கடல் பார்க்கப் போகிறவர்களுக்காகக் கடற்கரையில் கலர் அடித்த டிராக் கேட்கவில்லை. ஊரிலிருந்து பள்ளிக்கும் சந்தைக்கும் போகிற சாலைகளில் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் தார் போட்ட ஓரம் வேண்டும். நெல்லுக்கும் மிளகாய்க்கும் தனியாகக் களம் வேண்டும், அந்த ஓரம் சைக்கிளுக்கு மிஞ்சுவதற்காக. ஊருக்குள் நுழையும் இடத்தில் லாரி வேகம் குறைய வேண்டும், போர்டில் மட்டுமல்ல. ப்ளஸ் ஒன்னில் கொடுத்த வண்டி இருபத்தைந்து வயதில் யாரிடம் இருக்கிறது என்று அரசு ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொல்வது என்னைப் போன்ற கணவர்களுக்கும் தம்பிகளுக்கும்: வீட்டில் துருப்பிடித்து நிற்கிற அந்த லேடீஸ் சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, யாருடையதோ அவரிடம் திருப்பிக் கொடுங்கள்.