சிகாகோவின் முழக்கோலால் அளக்கப்படும் ஒரு கல்கத்தா இசைத்தட்டு

சரண்ஜித் சிங்கின் 'சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' (1982) குறித்த கட்டுரைகள் பலவும் ஒரே வாக்கியத்தில் போய் முடிகின்றன: சிகாகோவின் 'ஆசிட் ஹவுஸ்' இசையை ஐந்தாண்டு முன்னரே ஓர் இந்தியர் கண்டுபிடித்துவிட்டார். பாராட்டின் தோற்றத்தில் வரும் இவ்வாக்கியம், உண்மையில் அவர் செய்த வேலையை மறைக்கிறது.

கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்ட அத்தட்டு அன்று கவனம் பெறவில்லை. 2010-இல் நெதர்லாந்திலிருந்து மறுபதிப்பு வந்த பின்னரே சிங் 'முன்னோடி' ஆனார். ஆதாரமாகக் காட்டப்படுவது ரோலண்ட் டிபி-303 என்னும் கருவி. அதிலுள்ள வடிப்பானின் ஒரு குமிழ், எந்த அதிர்வெண்ணுக்கு மேலுள்ள மேற்சுரங்கள் மங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மற்றொன்று அந்த எல்லையருகே உள்ளவற்றை மிகைப்படுத்துகிறது. மூன்றாவது, ஒவ்வொரு சுரத்திலும் அவ்வெல்லை எவ்வளவு தூரம் நகர வேண்டும் என வரையறுக்கிறது.

1987-இல் வெளிவந்த 'ஆசிட் டிராக்ஸ்' படைப்பில் சுரக்கோவை ஏறத்தாழ மாறுவதேயில்லை. குமிழ்களின் திருகலே அங்கே இசை. சிங்கின் தட்டிலோ பைரவும் தோடியும் மால்கவுன்ஸும் தத்தம் இலக்கணத்தோடு மேலே நடக்க, வடிப்பானின் நிறமாற்றம் கீழே ஓடுகிறது. கருவி ஒன்று, கேள்விகள் இரண்டு. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொணர்ந்த பாலுசுவாமி தீட்சிதரை ஐரோப்பிய இசையின் கிளையாக எவரும் எண்ணுவதில்லை.

வேறு அளவுகோல் தேடுவோர் கல்கத்தாவின் பௌபஜார் தெருவுக்குச் செல்லலாம். அங்கிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு நடத்திய சி. வி. ராமன், தம்புராவையும் வீணையையும் பற்றி 1921-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை மீட்டும் இடத்தில் கணுவைக் கொண்ட மேற்சுரம் ஒலிக்கக் கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. இக்கருவிகளில் அது ஒலிக்கிறது என்றும், அதற்குக் காரணம் குதிரையின் அமைப்பே என்றும் அவர் காட்டினார். தம்புராக் குதிரையின்மேல் தந்திக்கடியில் செருகும் நூலுக்கு நம் இசைவாணர் இட்ட பெயர் 'ஜீவா'. மேற்சுரங்களின் அசைவே நாதத்தின் உயிர் என்னும் அறிவு அப்பெயரிலேயே இருக்கிறது.

'எல்லாம் நம்மிடமே இருந்தது' என்னும் பழம்பெருமைக்கு இங்கே இடமில்லை. ஜீவா நூலிலிருந்து டிபி-303 பிறக்கவில்லை. ராமனின் கட்டுரை அதற்கு வித்துமில்லை. ஆனால் சிங்கின் தட்டை விசாரிக்கத் தக்க கேள்வியை அவை தருகின்றன: பத்து ராகங்களிலும் வடிப்பான் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது? அந்த அசைவு ராகத்தின் ஜீவசுரங்களோடு இணைகிறதா, அவற்றைப் பொருட்படுத்தாமல் தன்போக்கில் ஓடுகிறதா?

முதலில் செய்தவர் யார் என்பது காப்புரிமை அலுவலகத்தின் வழக்கு. இசையியல் மாணவரின் வேலை அதுவன்று. பத்துத் தடங்களையும் செவிகொடுத்துக் கேட்டு, குமிழின் ஒவ்வொரு நகர்வையும் சுரத்தோடு சேர்த்துக் குறித்துவைப்பதே. அக்குறிப்பு உருவாகும்வரை 'முன்னோடி' என்னும் பட்டம், கேளாமலே வழங்கப்பட்ட சான்றிதழ்தான்.