கத்தி பிடிக்க ஆசைப்படும் தம்பிக்கு



சிதம்பரத்தில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். "பிளாஸ்டிக் ரேசரால் சவரம் செய்தால் கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்புகிறது. தாத்தா காலத்து மடக்குக் கத்தி வாங்கிப் பழகலாமா, இல்லை அப்பா வைத்திருந்த இரும்பு ரேசரே போதுமா ஐயா?" என்று கேட்டிருந்தார். சவரத்தைப் பற்றியெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் எழுதுவதா என்று அலுவலகத்தில் ஒருவர் தயங்கினார். ஆண்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்கச் செய்கிற வேலை இது. வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் யாரும் இல்லை. தாராளமாக எழுதலாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. இரட்டை முனை பிளேடு போடும் இரும்பு ரேசரில் தொடங்குங்கள். கத்தியையும் பழகுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை விடுதி அறைக் கண்ணாடி முன்னால் தனியாக நின்று பழகாதீர்கள். ஒரு சலூன்காரரிடம் போய்ப் பழகுங்கள்.

மடக்குக் கத்திக்குள் இரண்டு வித்தைகள் இருக்கின்றன. கூர் ஏற்றுவது ஒன்று. அந்தக் கூரை முகத்தில் நடத்துவது இன்னொன்று. முதல் வித்தை நம் கண்ணெதிரிலேயே மறைந்துகொண்டிருக்கிறது.

கடலூர் முதுநகரில் ஒரு பெரியவர் கத்தி தீட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாற்காலிக் கைப்பிடியில் தோல் வாரை மாட்டி, இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொள்வார். கத்தியின் முதுகு முன்னே போகும், கூர் பின்னால் வரும். வாரின் கடைசிக்குப் போனதும் கத்தி முதுகின் மேலேயே புரண்டு திரும்பும். கூர்ப்பக்கம் புரண்டால் வாரும் போச்சு, கூரும் போச்சு. இத்தனையும் அவர் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே செய்வார், கண் வாரின் பக்கம் போகவே போகாது. வாருக்கு அடங்காத மழுக்கலுக்குத்தான் சாணைக்கல். கடலோர ஊர் ஆகையால் உப்புக்காற்றில் கார்பன் எஃகு சீக்கிரம் துரு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, விரலால் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, கருவிப் பையான அடைப்பத்துக்குள் வைப்பார். கத்தியால் சவரம் செய்யப் பழகுவது என்றால் இந்தப் பராமரிப்பும் சேர்ந்ததுதான். அரை மணி நேர வீடியோவில் இது கைக்கு வராது.

இப்போது சிதம்பரம் மேல வீதியிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ எந்தச் சலூனிலும் உட்கார்ந்து பாருங்கள். சலூன்காரர் புதுப் பிளேடு ஒன்றை எடுப்பார். காகித உறையோடு நீளவாக்கில் மடித்து, நம் கண்ணுக்கு முன்னால் டக்கென்று ஒடிப்பார். ஒரு பாதியைக் கத்தி வடிவத்தில் இருக்கும் பிடியில் செருகுவார், மறுபாதி அடுத்தவருக்கு. வேலை முடிந்ததும் பாதி பிளேடு குப்பைக்குப் போகும். பிடி பழைய கத்தியுடையது, பிளேடு ரேசருடையது. நீங்கள் கேட்ட 'இதுவா அதுவா' என்ற கேள்விக்கு நம் ஊர்ச் சலூன்கள் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டன. கூர் ஏற்றும் வித்தை போய்விட்டது, கத்தியை நடத்தும் வித்தை அவர்கள் கையில் அப்படியே இருக்கிறது.

இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் பயம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிந்தைய பத்துப் பதினைந்து வருடங்களில் ஊருக்கு ஊர் பிரசாரம் நடந்தது. 'புது பிளேடு போடுங்கண்ணே' என்பது சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் சொல்கிற முதல் பேச்சாகிவிட்டது. உண்மையில் சவரக் கத்தியால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி போன்றவைதான் அந்த வழியில் எளிதாகத் தொற்றக்கூடியவை. எப்படியானாலும் பலருக்கு ஒரே கத்தி என்ற பழக்கம் ஒழிந்தது நல்லதுதான். பழைமையின் மேல் எனக்குப் பிரியம் அதிகம், ஆனாலும் அந்தக் கத்தி சலூனுக்குத் திரும்ப வரவேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒருவர் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளும் கத்தி வேறு சங்கதி.

அந்தப் பாதி பிளேடின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். முகத்தை வெட்டாத கத்தி வேண்டும் என்ற யோசனை பழையது. பிரான்ஸ் நாட்டுக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே 1760களிலேயே கூரின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி மரத்தில் காப்பு செய்து மாட்டினார். ஆனால் அதையும் தீட்டியே ஆகவேண்டும். அமெரிக்கர் கிங் கேம்ப் ஜில்லெட் தீட்டுகிற வேலையையே ஒழிக்க நினைத்தார். காகிதம்போல் மெல்லிய எஃகுத் தகட்டைக் கெட்டிப்படுத்துவது நடக்காத காரியம் என்று விஷயம் தெரிந்தவர்களே கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1903இல் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். அடுத்த வருடமே ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் தாமே சவரம் செய்யும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

இதற்கெல்லாம் முந்திய கதை நம் மண்ணுக்குச் சொந்தம். நல்ல கத்தி என்றால் நல்ல எஃகு. தென்னிந்தியாவில் மூசையில் இரும்பை வைத்து உருக்கிய எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்தார்கள். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கடைக்காரர், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்தியாவின் ஊட்ஸ் மேல் என்று தம் கடை அட்டையிலேயே அச்சிட்டு, அதில் செய்த சவரக் கத்திகளை விற்றார். அவரோடு சேர்ந்து அந்த எஃகை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் பேர் வாங்குவதற்கு முன்னால், 1820ஐ ஒட்டிய வருடங்களில், அவர் எஃகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாம் உருவாக்கிய உலோகக் கலவையில் சவரக் கத்தி செய்து நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்.

அந்த எஃகு உருக்கிய இடங்களில் ஒன்று கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவள்ளூர். ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் அங்கே கிடந்த மூசைத் துண்டுகளை ஆராய்ந்து இதை உலகுக்குச் சொன்னார். இரும்போடு தொடர்புள்ள இன்னொரு இடத்தை நீங்கள் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போகும்போதெல்லாம் கடந்திருப்பீர்கள். அது பரங்கிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் அங்கே பெரிய இரும்பு ஆலை ஒன்றைத் தொடங்கினார். சேலத்துத் தாது பரிசலில் ஆற்றுவழியாக வந்தது, மரக்கரி காடுகளிலிருந்து வந்தது. கரி தீரத் தீர நஷ்டமும் ஏறியது. ஹீத் இங்கிலாந்து போய், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி ஆலைகள் அந்த முறையை எடுத்துக்கொண்டு, மலிவான இரும்பிலிருந்தே நல்ல எஃகு செய்து கொழித்தன. உரிமைத்தொகை கேட்டு அவர் போட்ட வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார், தீர்ப்பும் எதிராகவே வந்தது. பரங்கிப்பேட்டை ஆலையும் மூடப்பட்டது. பரங்கிப்பேட்டை என்றதும் 1781இல் ஹைதர் அலி போரிட்ட களம் நினைவுக்கு வருகிறது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம் நினைவுக்கு வருகிறது. ஆலை மட்டும் யாருக்கும் நினைவில் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

எஃகை விட்டுக் கைக்கு வருகிறேன். இந்தக் கத்தியைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்தவர் யார்? ஊர்ச் சவரத் தொழிலாளி. ஊரில் கட்டி வந்தால் கீறி மருந்து வைத்தவரும் அவர்தான், பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவர் வீட்டுப் பெண், பல ஊர்களில் கல்யாணத்துக்கு நாகசுரம் வாசித்ததும் அவர் குடும்பம். அத்தனைக்கும் அவருக்குக் கிடைத்தது அறுவடைக் காலத்தில் களத்து நெல்லும் வாசற்படிக்கு வெளியே ஓர் இடமும். யார் முகத்தில் அவர் கத்தி படலாம் என்பதைக்கூட ஊர்ப் பெரியதனக்காரர்களே தீர்மானித்தார்கள். தலித் மக்களுக்கு வேலை செய்தால் நெல் நின்றுவிடும். 1955இலேயே தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பது குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் முடி வெட்ட மறுத்த செய்தி இன்றைக்கும் ஏதாவது ஒரு கிராமத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி மறுக்கப்பட்டவர் வீட்டில் ஒரு ரேசரும் ஒரு பொட்டலம் பிளேடும் வந்து சேர்ந்தது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். தன் முகம், தன் கை, யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. அதே காலத்தில் சவரத் தொழிலாளியும் வீடு வீடாகப் போவதை விட்டு, கடைத்தெருவில் சொந்தமாகச் சலூன் போட்டு, கூலியை ரொக்கமாக வாங்கத் தொடங்கினார். ரேசரை நான் குறைத்துப் பேசாததற்கு இதுதான் முதல் காரணம்.

சரி தம்பி, உங்கள் கழுத்துக்கு வருவோம். கோளாறு பெரும்பாலும் அவசரத்தில்தான். முடியைவிட ஐம்பது மடங்கு கெட்டியான எஃகு முடியை வெட்டி வெட்டி எப்படி மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ஆராய்ந்து சொன்னார்கள். முடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும்போது கூரின் விளிம்பு நுண்ணிய சில்லாகப் பெயர்கிறதாம். முடி நன்றாக ஊறினால் அதை வெட்டத் தேவையான பலம் வெகுவாகக் குறையும். ஆகவே முகத்தை வெந்நீரில் கழுவி, சோப்பு நுரை போட்டு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். முதலில் முடி வளரும் போக்கிலேயே மழியுங்கள். கழுத்தில் அந்தப் போக்கு பல பேருக்குப் பக்கவாட்டில் இருக்கும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். எதிர்ப்போக்கில் இழுத்தால் வழவழப்பு கிடைக்கும், ஆனால் சிவப்பும் பொரியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

பல பிளேடு அடுக்கிய ரேசரால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஜில்லெட் நிறுவனமே 2002இல் இந்தியாவுக்காகக் கொண்டுவந்த ஒரு ரேசரை அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அங்கே குழாயில் ஓடுகிற தண்ணீர், பிரச்சினையே வரவில்லை. இங்கே ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து சவரம் செய்கிறவர் கையில் அது முடி அடைத்துக்கொண்டு நின்றது. பிறகுதான் நம் வீடுகளுக்கு வந்து நேரில் பார்த்து, ஒற்றை பிளேடு ரேசர் ஒன்றை 2010இல் வெளியிட்டார்கள். ஒற்றைப் பிளேடு போதும் என்பது எங்கள் அப்பாக்களுக்கு முன்பே தெரியும்.

இரும்பு ரேசரை அழுத்தாதீர்கள். அதன் எடையே வேலையைச் செய்யும். சருமத்தோடு முப்பது டிகிரி சாய்வு வந்தால் முடி அறுபடும் சத்தம் காதில் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கப் பழகியவருக்குக் கத்தியில் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. கத்தியில் கூடுதலாக இருப்பது மறுகையின் வேலை. அது தோலை இழுத்துப் பிடிக்கவேண்டும். கத்தியை ஒருபோதும் நீளவாக்கில் நகர்த்தக்கூடாது, நகர்த்தினால் வெட்டிவிடும். முதலில் கன்னம் மட்டும் போதும். மோவாயும் மேலுதடும் கை பழகிய பிறகு. இதை ஒரு சலூன்காரர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினால் ஒரு நாளில் விளங்கும். செவ்வாய்க்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. மற்ற நாளில் மதியம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். ஐயப்பனுக்கு மாலை போடுகிற கார்த்திகையில் அவர்களுக்கு வேலை குறைவு, நேரம் இருக்கும். "அண்ணே, கத்தி பிடிக்கச் சொல்லித் தாங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள், கற்றுக்கொள்கிற நேரத்துக்கு உரிய பணத்தையும் கொடுங்கள்.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் ஊரில் சாணைக்கல்லும் தோல் வாரும் இன்னும் வைத்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அவர் சம்மதித்தால், கூர் ஏற்றும் முறையை ஒவ்வொரு படியாகப் படமெடுத்து, அவர் பெயரோடு வெளியிடுகிறோம். பரங்கிப்பேட்டைக்காரர்களே, இரும்பு ஆலை இருந்த இடத்தைப் பற்றி உங்கள் வீட்டு மூத்தவர்களுக்கு எது தெரிந்தாலும், பழைய பத்திரமோ செங்கல்லோ கசடுக் கட்டியோ எது கையில் இருந்தாலும் தெரிவியுங்கள். அடுத்த மாதக் கடைசி வரை உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்